முந்தலில் புழுதி, மெட்டில் சேறு, ஒரே டயர்

நேற்று மாலை வாசலில் வைத்து சைக்கிளைக் கழுவினேன். பின் டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே இரண்டு வகை மண் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. மேலாக இருந்தது கறுப்பு மண், சருகும் நாரும் கலந்த ஏலத்தோட்டத்து மண். அதைக் குச்சியால் நோண்டி எடுத்தால், அடியில் மலையடிவாரத்து முந்தல் தோப்பு வாய்க்காலைத் தாண்டும்போது ஒட்டிய செம்மண். காலையில் கிளம்பி மதியம் திரும்பிய ஒரே பயணத்தில் ஒட்டியவைதான் இரண்டும்.

ஆடி மாதம் போடிநாயக்கனூரில் இப்படித்தான் இருக்கும். ஊருக்குள் வெயில், கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் காற்று. 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டைத் தொட்டால் சாரல். தென்மேற்குப் பருவமழை இடுக்கிப் பக்கம் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி எங்களுக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதனால் வருடத்தில் நாலைந்து மாதம், இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்குள் கோடையும் மழைக்காலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கார்க்காரர்களுக்கு இது ஜன்னலை ஏற்றி இறக்குகிற விஷயம். மவுண்டன் பைக் மிதிப்பவனுக்கு டயர் விஷயம்.

டயரைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் மலை சைக்கிள் வாங்கும் பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கியர் எத்தனை, பிரேக் டிஸ்க்கா என்று கேட்கிறார்கள். டயரில் எவ்வளவு காற்று வைக்கிறாய் என்று நான் கேட்டால் பதில் வருவதில்லை. மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நான் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பா முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். 2019இல் நான் இந்த சைக்கிளை வாங்கினேன். சக்கரம் 27.5 அங்குலம், டயர் அகலம் 2.25 அங்குலம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன்.

வாங்கிய இரண்டாம் மாதமே விழுந்தேன். கடையில் காற்றுப் பிடிக்கும்போது 50 பிஎஸ்ஐ வைத்துக் கொடுத்தார்கள். டயரின் ஓரத்தில் 'அதிகபட்சம் 60' என்று அச்சிட்டிருந்ததால், 50 என்பது நியாயமான அளவு என்று நானும் நம்பினேன். விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருந்தது, அதுவே பெருமையாகவும் இருந்தது. முந்தலுக்கு முன்னால் மாந்தோப்பு ஓரமாகப் போகும் மண் பாதையில் இடதுபக்கம் ஒரு வளைவு. அடியில் வெயிலில் இறுகிப்போன தரை, மேலே பட்டாணி அளவில் உதிரிச் சரளை. சைக்கிளைத் திருப்பினேன். முன் சக்கரம் திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்பா சைக்கிளை எடுத்து வந்து சுவரில் சாய்த்துவிட்டு முதலில் டயரைத்தான் அமுக்கிப் பார்த்தார்.

"எம்புட்டுக் காத்து வச்சிருக்க?"

"அம்பதுப்பா."

"பத்துப் பேரை ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுற ஜீப்புக்கே நான் முப்பதுதான் வைப்பேன். நீ ஒத்த ஆளு."

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஆறு வாரமும் இதைப் பற்றியே படித்தேன், பார்த்தேன், கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் அது எனக்கு நன்றாகவே பிடிபட்டது.

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலம் எத்தனை பவுண்டு தாங்குகிறது என்பதுதான். நான், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ, ஏறக்குறைய 200 பவுண்டு. அதில் அறுபது சதவீதம் பின் சக்கரத்தில் விழுவதாக வைத்தால் 120 பவுண்டு. 50 பிஎஸ்ஐயில் அதைத் தாங்க 2.4 சதுர அங்குலம் போதும். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய இடம். 24 பிஎஸ்ஐயில் அதே எடைக்கு 5 சதுர அங்குலம் தேவை. டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது கச்சிதமான கணக்கு இல்லை, ஆனாலும் கிட்டத்தட்ட சரி. ஒரு தீப்பெட்டி தரையைத் தொடுவதற்கும் இரண்டு தீப்பெட்டி தொடுவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் மணிக்கட்டு போனது.

எங்கள் தாத்தாவிடம் கட்டை வண்டி இருந்தது. மரச் சக்கரம், சுற்றி இரும்புப் பட்டை. மழை பெய்த கரிசலில் அந்த வண்டி போனால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும், மாடு நுரை தள்ளும் என்று அப்பா சொல்வார். அப்புறம் டயர் வண்டி வந்தது. அதே பாரம், அதே மாடு, தடம் நாலு விரல் ஆழம்கூட இல்லை. பாரம் குறையவில்லை, பரந்து விழுந்தது. மலை சைக்கிளில் காற்றைக் குறைப்பதும் இதே வேலைதான்.

குறைந்த காற்றால் இன்னொரு நன்மையும் உண்டு. கல்லோ வேரோ வந்தால் டயர் உள்வாங்கி அதைப் போர்த்திக்கொண்டு போகும். கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும். குதிக்கும்போது சைக்கிளையும் நம்மையும் சேர்த்துத் தூக்கவேண்டும், அந்தச் சக்தி நம் காலிலிருந்து போகிறது. அதோடு குதித்து அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் பிடிப்பு சுத்தமாக இல்லை. அதனால் வழவழப்பான தார் ரோட்டில் கெட்டி டயர் வேகமாக உருளும் என்பது உண்மை, கரடுமுரடான பாதையில் இளகிய டயர்தான் வேகம் என்பதும் உண்மை. எனக்கு இதை நம்ப ஆறு மாதம் ஆனது. மெதுவாகப் போவது போலத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்தால் சீக்கிரம் வந்திருப்போம்.

படிக்கப் படிக்க ஒரு குழப்பமும் வந்தது. ஒருவர் உயரமான, இடைவெளிவிட்ட பட்டன்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் தாழ்வான, நெருக்கமான பட்டன் என்கிறார். எழுதியவர்களுடைய ஊர்களைக் கவனித்த பிறகுதான் விளங்கியது. மலை சைக்கிள் பிறந்ததே அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில். 1970களில் டமால்பாய்ஸ் மலைச் சரிவில், பருத்த பலூன் டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கி விளையாடியவர்கள் அவர்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம். 1976இல் அதே கவுண்டியில் தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். மேலிருந்து கீழே வருவதற்குள் பின் சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடும், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும், அதனால் வந்த பெயர். அங்கே கோடை முழுக்க மழை கிடையாது. காய்ந்த தரையும் மேலே உதிரிப் புழுதியும்தான். கலிபோர்னியாக்காரர் டயரைப் பற்றிச் சொன்னால் அது முந்தலுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ்காரர் சேற்றையும் வேரையும் பற்றிப் புலம்பினால் அது மெட்டுக்கு மேலே பொருந்தும். இரண்டு பேரும் சரி. டயரைப் பற்றிய யோசனை என்று சொல்லப்படுவது எல்லாம் சொல்கிறவருடைய ஊர் மண்ணைப் பற்றிய யோசனை. எல்லையில் இருக்கும் நமக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே நாளில்.

கீழிருந்து தொடங்குகிறேன். போடியைச் சுற்றி நான் மிதிக்கும் பாதைகளில் மிகக் கடினமானது, நான் விழுந்த அதே வகைத் தரைதான். இறுகிய தரைமேல் உதிரிச் சரளை. கெட்டித் தரை மட்டும் என்றால் தாழ்வான பட்டனே போதும், ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். உதிரி மட்டும் ஆழமாக இருந்தால் பட்டன் அதில் புதைந்து பிடிக்கும். இரண்டும் சேரும்போது பட்டன் சரளையைத் தாண்டிக் கீழே எட்டவும் முடியாமல், சரளைக்குள் ஊன்றவும் முடியாமல், உருளும் குண்டுகள்மேல் நிற்கிறது. இங்கே நடுத்தர உயரமும் கூரான விளிம்பும் உள்ள பட்டன் தேவை, சரளையைத் தள்ளிக்கொண்டு அடித்தரையைத் தொடும்.

வளைவில் இன்னொரு விஷயம் உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மலை சைக்கிள் டயரில் நடுவில் ஒரு கூட்டம் பட்டன், ஓரத்தில் பெரிய பட்டன் ஒரு வரிசை. வளைவில் நம்மைக் காப்பாற்றுவது அந்த ஓர வரிசை. சைக்கிளைச் சாய்த்தால்தான் அது தரையைத் தொடும். மாக்ஸிஸ் மினியன் டிஹெச்எஃப் போன்ற டயர்களில் நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் இடையே ஒரு வெற்றுப் பள்ளமே விட்டிருப்பார்கள். பயந்துகொண்டு அரைகுறையாகச் சாய்த்தால் அந்தப் பள்ளத்தின்மேல் ஓடுவோம், பிடிப்பு இருக்காது. துணிந்து சாய்த்தால் ஓர பட்டன் கடிக்கும். உடம்பை நேராக வைத்துக்கொண்டு, சைக்கிளை மட்டும் கீழே சாய்த்து, வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தவேண்டும். பிரேக் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான், அதைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் இரண்டுக்கும் போதாது. மாந்தோப்பு வளைவில் நான் செய்தது இதுதான். கல் மாதிரி டயர், நேராக நிமிர்ந்த சைக்கிள், வளைவுக்கு நடுவே முன் பிரேக். மூன்றும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் விழுவார்கள்.

கொட்டகுடி ஆற்று மணல் வேறு கதை. காய்ந்த மணலில் பட்டன் வடிவம் ஒன்றும் செய்யாது. அகலமும் குறைந்த காற்றும்தான் மிதக்க வைக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பாமல், உடம்பைச் சற்றுப் பின்னால் வைத்து, ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகவேண்டும். நிறுத்தினால் இறங்கித் தள்ளவேண்டியதுதான். கரிசலைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஈரமாக இருந்தால் போகவே போகாதீர்கள். அந்தக் களி ஒரு சுற்றிலேயே டயர் முழுக்க அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே இறுகி, சக்கரம் சுற்றாது. எந்த டயராலும் ஆகாத வேலை. ஈர மண்ணில் விழும் தடம் காய்ந்து கெட்டித்து அடுத்தவர் காலைத் தடுக்கும் என்பதும் இருக்கிறது.

கீழ்ப்பக்கத்தின் பெரிய எதிரி முள். நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும். சீமைக் கருவேல முள் என்றால் டயரின் நடுப்பகுதியையே துளைத்துக்கொண்டு வரும். ட்யூப் வைத்து ஓட்டிய காலத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். சொல்யூஷன் தீர்ந்து தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். காற்றைக் குறைத்த பிறகு வேறு தொல்லையும் சேர்ந்தது. கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல ஜோடியாக இரண்டு ஓட்டை. ட்யூபோடு 30க்குக் கீழே என்னால் இறங்க முடியவில்லை.

அதனால் உள்ளே ட்யூபே இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறினேன். உள்ளே ஊற்றும் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தான். முதல்முறை பாட்டிலைத் திறந்தபோது அந்த அம்மோனியா நெடி எனக்குப் பழக்கமான வாசனையாக இருந்தது. மாமா தொடுபுழா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள், லீவுக்குப் போனால் அவர் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். மரத்தில் காயம் பட்டால் வடிந்து உறைந்து மூடிக்கொள்கிற அதே பால் என் டயருக்குள்ளும் அதே வேலையைச் செய்கிறது. முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து வெளியே வந்து, ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போடி வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பார்க்கவேண்டும். தளும்பும் சத்தம் கேட்காவிட்டால் ஊற்றவேண்டும்.

முந்தல் தாண்டினால் மெட்டு வரைக்கும் தார். தாரில் உயரமான பட்டன் ஒவ்வொன்றும் வளைந்து நிமிர்கிறது, அந்த 'ஙொய்' என்ற சத்தம் அதுதான், ஏறும்போது காலுக்குப் பாரமும் அதுதான். பின் டயருக்குத் தாழ்வான, நெருக்கமான நடுப் பட்டன் இருந்தால் இந்த ஏற்றத்தில் நிம்மதி. பட்டனின் முன் விளிம்பு சரிவாகவும் பின் விளிம்பு செங்குத்தாகவும் வெட்டியிருந்தால் உருளவும் செய்யும், பிரேக்குக்கும் பிடிக்கும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுவது இதற்காகத்தான். இறக்கத்தில் கவனிக்கவேண்டியது முதல் தூறல். பல நாள் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் பத்து நிமிடத்தில் குழம்பாகி வழுக்கும். கொட்டி அடித்துக் கழுவிய பிறகு அதே ரோடு நன்றாகப் பிடிக்கும்.

இந்த ஏற்றத்தில் ரொம்ப நாள் எனக்கு ஒரு சந்தேகம். கீழே 34 டிகிரி, மேலே 20 டிகிரி. குளிர்ந்தால் டயரின் அழுத்தம் குறையுமே, மெட்டில் கேஜ் வைத்துப் பார்த்தால் ஏன் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது? கணக்குப் போட்டேன். 25 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 14 டிகிரி குளிர்ச்சிக்கு ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையவேண்டும். ஆனால் கேஜ் காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதில் வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்துவிடுகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று இரவு அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவரும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

மெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில் ஏலத்தோட்டங்கள். சித்தியும் சித்தப்பாவும் அங்கே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருக்கிறார்கள். யானை நடமாடும் பகுதி என்பதால் நன்றாக விடிந்த பிறகுதான் நான் உள்ளே போவேன். எஸ்டேட் ரோட்டில் மிதிக்க சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்வேன். குரங்கணியிலிருந்து மேலே போகும் காட்டுப் பாதையில் ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வனத்துறை அனுமதி இல்லாத இடத்துக்கு நான் போவதில்லை. 2018 மார்ச்சில் அந்த மலையில் தீயில் சிக்கியவர்களை இந்த ஊர் தூக்கிச் சுமந்தது.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் தோட்டம் முழுக்கப் பெரிய மரங்கள், மரத்தடியில் வருடக்கணக்கான சருகு, சருகுக்கு அடியில் மெத்து மெத்தென்ற கறுப்பு மண். லேசான ஈரத்தில் இது உலகத்திலேயே நல்ல தரை. பட்டன் முழுசாக இறங்கிப் பிடிக்கும், சத்தமே இல்லாமல் சைக்கிள் போகும். மழை வலுத்தால்தான் சிக்கல். அங்கே இடைவெளிவிட்ட உயரமான பட்டன் வேண்டும். பட்டன் சேற்றில் இறங்கவேண்டும், சக்கரம் சுற்றும்போது இடையில் சிக்கிய சேற்றை உதறவும் வேண்டும். நெருக்கமான பட்டன் உள்ள டயர் பத்து மீட்டரில் உளுந்துவடை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஜீப்காரர்கள் மழைக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவது இதே காரணத்துக்காகத்தான் என்று அப்பா சொன்னார். பட்டன் அடைந்துபோனால் கடிப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

அப்புறம் வேர். நனைந்த வேரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

பல கால் மிதித்து மேல்தோல் உரிந்த வேர், மழையில் நனைந்தால் எண்ணெய் பூசிய கட்டை. பட்டன் இறங்க அதில் இடமே இல்லை. எவ்வளவு கூரான பட்டனும் இங்கே வீண். மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று ரப்பரின் இளக்கம். ஷோர் ஏ என்ற அளவில் 50ஐ ஒட்டி இருந்தால் இளகிய ரப்பர், 60, 70 என்று போனால் கெட்டி. இளகிய ரப்பர் வேரின் நுண்ணிய சொரசொரப்புக்குள் ஒட்டி, மெதுவாகத்தான் விடும். அதற்கு விலையாக உருளுவது பாரம், சீக்கிரம் தேயவும் செய்யும். இன்னொன்று குறைந்த காற்று, டயர் வேரைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். இவ்வளவும் இருந்தாலும், வேர் பாதைக்குக் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடந்தால், முன் சக்கரம் அதன் நீளத்துக்கே வழுக்கிக்கொண்டு போகும். முடிந்தவரை செங்குத்தாகத் தாண்டவேண்டும். தாண்டும்போது பிரேக்கைத் தொடக்கூடாது, மிதிக்கவும் கூடாது, ஹேண்டில்பாரை லேசாகத் தூக்கி எடையை முன் சக்கரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். சித்தியின் லயத்துக்குப் பின்னால் இறங்கும் பாதையில் ஒரு பலா வேர் இருக்கிறது. சாய்வாக, தொடை பருமனில். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் கால் ஊன்றியிருக்கிறேன், இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன். சித்தி பின்வாசலில் நின்று, "ஏன்டா, நடந்து வந்தா என்னடா?" என்பார். காலில் ஏறிய அட்டையை உப்பால் தட்டிவிட்டு கட்டன் சாயா கொடுப்பார்.

கல் பாதை என்றால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை போகும் ஜீப் தடம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப் பாதை மட்டும் கேரளத்து சூரியநெல்லி வழியாக. எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை கல், விளிம்புகள் கத்தி மாதிரி. இங்கே மட்டும் காற்றை அளவுக்குமேல் குறைப்பது தப்பு. ரிம் கல்லில் மோதி 'டங்'கென்று கேட்டால் அன்றைக்கு இரண்டு, மூன்று பிஎஸ்ஐ கூட்டவேண்டும் என்று அர்த்தம். மெல்லிய சுவருள்ள டயர் பக்கவாட்டில் கிழிந்துவிடும், கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. எடை கூடினாலும் தடித்த சுவர்தான் இந்தப் பாதைக்கு.

இத்தனைக்கும் இரண்டு ஜோடி டயர் வாங்கி ஏற்றத்தில் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு டயர் போட்டதுதான் எனக்கு ஒத்துவந்தது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் தரைதான். அதனால் முன்னால் 2.4 அங்குலம், உயரமான இடைவெளிவிட்ட பட்டன், இளகிய ரப்பர். பின்னால் 2.25, தாழ்வான நடுப் பட்டன், கெட்டி ரப்பர், ஆனால் ஓர வரிசை மட்டும் பெரிதாக உள்ளது. மெட்டின் மேலே வேருக்கும் சேற்றுக்கும் முன் டயர், கீழே தாருக்கும் காய்ந்த தரைக்கும் பின் டயர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டன.

மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது. ஸ்டோரில் பழைய கணக்கு நோட்டு ஒன்று எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் இடம், தரை, முன் காற்று, பின் காற்று, என்ன நடந்தது என்று எழுதினேன். ஒரே வளைவை ஒரே நாளில் நாலு முறை, ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்துப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் வளைவில் டயர் துவண்டு மடங்குவது போலத் தோன்றும். அதிலிருந்து 2 கூட்டினால் அதுதான் உங்கள் எண். என் எண்கள் எனக்கானவை, நீங்கள் 60 கிலோ என்றால் இன்னும் குறையும். கீழே காய்ந்த பாதைக்கு முன் 24, பின் 27. மெட்டில் ஈரம் என்றால் முன் 21, பின் 24. கொழுக்குமலைக்கு மறுபடி முன் 24, பின் 28. எல்லா இடத்திலும் முன் சக்கரத்துக்குக் குறைவு, அதில் விழும் எடை குறைவு என்பதால். ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பில் இருக்கும் கேஜ் 3, 4 பிஎஸ்ஐ தப்பாகக் காட்டலாம், இந்த அளவுகளில் அது பெரிய தப்பு. மெட்டில் டீக்கடை ஓரம் நின்று வால்வைத் திறந்து 3 பிஎஸ்ஐ இறக்குவேன், திரும்பும்போது கைப்பம்பால் ஏற்றுவேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நேற்றுக் காலை கிளம்பும்போது அப்பா வெளியே வந்தார். மலையைப் பார்த்தார். மெட்டின் மேல் மேகம் தாழ இறங்கிப் பஞ்சாக உட்கார்ந்திருந்தது. குனிந்து முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"மேல ராத்திரி பூரா பேஞ்சிருக்கும். அங்க போனதும் வழக்கமா எறக்குறதவிட இன்னும் ஒண்ணு எறக்கு."

மெட்டில் முன் டயரை 20க்கு இறக்கினேன். அதுவரை 21க்குக் கீழே போனதில்லை. சித்தி வீட்டுக்குப் பின்னால் பாதை நசநசவென்று இருந்தது, பலா வேரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடதுபக்கம் சருகுமேல் அகலமாக ஒதுங்கி, வேரை முடிந்தவரை நேராகப் பார்த்து, பிரேக்கை விட்டேன். டயர் வேரில் ஏறி அமுங்கியதும், அடுத்த பக்கம் மண்ணைத் தொட்டதும் கையில் தெரிந்தது. கால் ஊன்றவில்லை. பின்வாசலில் சித்தி இல்லை. மேலே ஏறி, சித்தியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, இன்னொரு தடவை இறங்கிக் காட்டினேன்.